மண்டபத்தில் பிறந்த பிள்ளை

தமிழகத்தின் இலத்தூரில் பிறக்கும் குழந்தைக்கும் மண்டபம் அகதிகள் முகாமில் பிறக்கும் குழந்தைக்கும் பிறப்புச் சான்றிதழ் தருவது ஒரே தமிழக அரசுதான். படிப்பதும் ஒரே பாடம். ஆனால் முகாம் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகியும் வாக்கு இல்லை, பாஸ்போர்ட் இல்லை. இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குத் தப்பி வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பலர் இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. 2021-இல் மாநில அரசு முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது, புது வீடுகளும் கட்டித்தர முன்வந்தது. நல்லது. குடியுரிமையோ டெல்லியின் கையில். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமே இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்த அண்ணன் பிறப்பாலேயே இந்தியர். பின்னால் பிறந்த தம்பி அகதி. பெற்ற தாய்க்கு இதை எப்படி விளக்குவது? நம் மண்ணில் பிறந்த இந்தப் பிள்ளைகளுக்கு நாடாளுமன்றம் தாமதமின்றிக் குடியுரிமை வழங்க வேண்டும்.