உத்திரமேரூர் ஃபார்வர்டு உண்மையா? நூலகரைக் கேளுங்க!

‘ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே உத்திரமேரூரில் எல்லோரும் ஓட்டு போட்டாங்க!’ இந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். உண்மையா?

பதில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து கி.பி. 921 கல்வெட்டின்படி, 30 குடும்புகளிலும் ஆளுக்கொரு ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் போட்டு, சிறுவனை விட்டு எடுத்தார்கள். அதாவது குலுக்கல். உறுப்பினராக வயது 35 முதல் 70, கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி எனத் தகுதிகளும் உண்டு. பெருமைதான்; ஆனா ஃபார்வர்டு சொல்வது பாதிக் கதை.

சில ஃபார்வர்டுகள் உயிரையே எடுக்கும். 2018 மே மாதம் போளூர் அருகே, குழந்தை கடத்தல் வதந்தியை நம்பிய கும்பல், சென்னையிலிருந்து வந்த மூதாட்டியை அடித்தே கொன்றது.

யார் சொன்னது, எப்போது, மூலம் எங்கே? இந்த மூன்று கேள்விகளைப் பழக்க ஊர் நூலகரே சரியான ஆள். 1948 சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுறோம். அது புத்தகம் எடுத்துத் தர மட்டும்தானா? வாரம் ஒரு மணி நேரம், மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நூலகத்திலேயே இந்தப் பயிற்சி நடக்கட்டும்.