காணி காட்டுவோருக்குக் காவல் யார்?

காணித் தரகர் என்றதும் ஏளனமாகச் சிரிப்பது எம்மவரிடையே ஊறிப்போன வழக்கம். வாய்ச்சொல்லை விற்றுப் பிழைப்பவர் என்று அவரைப் பழிப்பார் பலர். ஆயினும், காணியை விற்க வேண்டிய கமக்காரரும், காணி வாங்க விழையும் உத்தியோகத்தரும் முதலில் தேடிச் செல்வது அந்தத் தரகரைத்தான். ஊரும் பேரும் தெரியாத ஒருவரை அழைத்துக்கொண்டு, ஆள் நடமாட்டமற்ற தோட்டத்துக்கு வழிகாட்டிச் செல்பவரும் அவரே. அவருடைய உயிருக்குக் காவல் யார்? இக்கேள்வியை நாம் இதுகாறும் கேட்டோமில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

கற்பிட்டிக் குடாநாட்டை எடுத்துக்கொள்வோம். மேற்கே பெருங்கடல்; கிழக்கே புத்தளம் களப்பு; இடையே மணற்பாங்கான ஒடுங்கிய நிலம். அதன் கடலோரத்துக் கண்டக்குழி, மீனவர்களின் ஊர். அயலிலுள்ள மணல் நிலத்தில் கிணற்று நீரிறைத்து மிளகாயும் வெங்காயமும் விளைவித்தவர்கள் எமது கமக்காரர்கள். இன்றோ, டொல்பின்களைக் காண வருவோரும், பட்டத்தின் வலுவால் கடல்மீது சறுக்கி விளையாட வருவோரும் அக்கரையை நாடுகின்றனர். பதினான்கு தீவுகளை உள்ளடக்கிய சுற்றுலாத் திட்டம் வகுக்கப்பட்டது. நுரைச்சோலையில் 2011 இல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கி வாழ நேர்ந்தது. இங்ஙனம் பல திசைகளிலிருந்தும் தேவை பெருகவே, வெறும் மணலுக்கும் விலை வந்தது.

விலை வந்த இடத்துக்கு அந்நியரும் வருவர். முன்னர் தரகர், விற்பவரின் பாட்டனாரையும் அறிவார். வாங்குபவரின் மாமனாரையும் அறிவார். இன்று அவர் அறிவது ஒரு தொலைபேசி இலக்கத்தை மட்டுமே. மறுமுனையில் பேசுபவர் மெய்யாகவே காணி வாங்க வருபவரா, அன்றித் தனியிடத்தில் ஓர் ஆள் அகப்படட்டும் என்று காத்திருப்பவரா என்பதைக் குரலைக் கொண்டு எவரும் அறிய முடியாது.

இது வீண் அச்சமென்று கூறுவாரும் உளர். அவர்கள் இலண்டன் நகரில் நடந்ததை அறிதல் வேண்டும். 1986 யூலை 28 ஆந் திகதி, 25 வயதான சூசி லாம்ப்ளூ என்னும் வீட்டு முகவர், ஃபுல்லம் பகுதியில் ஒரு வீட்டைக் காட்டச் சென்றார். தாம் சந்திக்கவிருந்தவரின் பெயர் கிப்பர் என்று அவர் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்தார். சென்றவர் திரும்பவில்லை, அவரது உடல் இன்றுவரை கிடைக்கவுமில்லை. அவருடைய பெற்றோர் அதே ஆண்டில் அவர் பெயரால் ஓர் அறக்கட்டளையை நிறுவி, தனித்துத் தொழில் புரிவோரின் பாதுகாப்புக்காக உழைக்கலாயினர். 2014 செப்டெம்பரில், அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்தில் பெவர்லி கார்ட்டர் என்ற முகவர், வீடு வாங்குவதாகப் பொய்யுரைத்து அழைத்தவர்களாற் கடத்திக் கொல்லப்பட்டார். தனியே வேலை செய்யும் பெண் என்பதாலேயே அவரைத் தெரிந்தெடுத்ததாகக் கொலையாளி பின்னர் கூறினான். கட்டடங்களும் காவற்படையும் நிறைந்த இலண்டனிலேயே இந்நிலையென்றால், கூப்பிட்டாற் கேட்க ஆளில்லாத கடற்கரைத் தோப்பின் நிலையை நாம் சொல்லவும் வேண்டுமோ?

எமது நாட்டிலோ இன்னோர் ஆபத்தும் உண்டு. அது முதல்நாள் வரும் அந்நியரிடமிருந்து வருவதன்று. பணம் கொடுத்தபின் ஏமாந்தேன் என்று கொதித்தெழும் வாடிக்கையாளரிடமிருந்து வருவது. பிரிக்கப்படாத பங்குக் காணியை முழுக்காணி என்று நம்பி ஒருவர் முற்பணம் கொடுக்கிறார். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை, அரசின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாதென்பதை அறியாது இன்னொருவர் விலை பேசுகிறார். கரையோரத்தில் 300 மீற்றர் அகலமான வலயத்துள் கட்டடம் எழுப்ப, 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டுமென்பது, அத்திவாரம் வெட்டிய பின்னரே வேறொருவருக்குத் தெரியவருகிறது. வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்றுவதை, சில விலக்குகளுடன், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. அதைத் தாண்டுவதற்காக உள்ளூரார் ஒருவரின் பெயரில் உறுதி முடித்துவிட்டுப் பின்னர் பகைத்துக்கொள்வோரும் உளர். இத்தனை சினமும் ஈற்றில் யார் தலையில் விழும்? விற்றவர் வீட்டைப் பூட்டிக்கொள்வார்; நொத்தாரிசு தமது மேசைக்குப் பின்னால் இருப்பார்; தெருவில் அகப்படுபவர் தரகர் ஒருவரே.

ஆகவே, தரகரின் முதற் கேடயம் உண்மையே. உறுதியையும், காணிப் பதிவகத்தின் பதிவேட்டுப் பிரதியையும், நில அளவைப் படத்தையும் கண்ணாற் காணாத காணியை அவர் எவருக்கும் காட்டலாகாது. காணியில் வழக்கிருந்தால் வழக்குண்டு என்றே சொல்லவேண்டும். தரகுப் பணத்துக்காக மறைத்த ஒரு வில்லங்கம், நாளை கத்தியாகத் திரும்பி வரலாம்.

இரண்டாவது கேடயம் ஒழுங்கு. முதற் சந்திப்பு காணியில் நிகழலாகாது. அலுவலகத்திலோ, சந்தியிலுள்ள தேநீர்க்கடையிலோ நிகழட்டும். அடையாள அட்டையை அல்லது கடவுச்சீட்டைப் பார்த்து, பெயரையும் இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் குறித்து, அக்குறிப்பை வீட்டாருக்கு அனுப்பிவிட்டே புறப்படவேண்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஒருவராவது அறிந்திருக்கவேண்டும். குறித்த நேரத்தில் திரும்பாவிடில் 119 ஐ அழைக்க அவர் தயங்கலாகாது. வாடிக்கையாளரின் வாகனத்தில் ஏறாது, தமது வாகனத்திலேயே செல்லவேண்டும். இயன்றவரை இருவராகச் செல்லுதல் நன்று. பொழுது சாய்ந்தபின் காணி காட்டுதலும், வாங்குபவரோடு மதுவருந்துதலும், முற்பணத்தைக் கையில் வாங்கிச் சுமப்பதும் அறவே கூடா. பணம் வங்கி வழியாகவே செல்லட்டும். பேச்சு தடித்தால், விலையையும் தரகையும் அவ்விடத்திலேயே விட்டுவிட்டு அகலவேண்டும். இழந்த தரகை இன்னொரு காணியிற் பெறலாம். இழந்த உயிரை எந்தக் காணியிற் பெறுவது?

"அடையாள அட்டையைக் கேட்டால் அவர் அடுத்த தரகரிடம் போய்விடுவாரே!" என்பது தரகர்களின் வாதம். வாதம் நியாயமானதே. ஒருவர் மட்டும் கேட்டால் அவர் பிழைப்பை இழப்பார். எல்லோரும் கேட்டால் எவரும் இழக்கமாட்டார். 2006 ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டம், காணி வீடு விற்பனையில் ஈடுபடும் முகவர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்து, வாடிக்கையாளரை இன்னாரென அறிந்துகொள்ளும் கடமையை விதிக்கிறது. ஆதலால், "நான் உங்களைச் சந்தேகிக்கவில்லை, ஐயா, சட்டம் கேட்கிறது" என்று தரகர் நிமிர்ந்து நின்று சொல்லலாம். நேர்மையான வாடிக்கையாளர் அதனாற் சினங்கொள்ளார். சினங்கொள்பவரோடு தோப்புக்குள் செல்லாதிருப்பதே நலம்.

தரகர் மட்டும் விழித்திருந்தாற் போதாது. கமக்காரரே, ஒரே காணியை நான்கு தரகரிடம் ஒப்படைத்து, உடன்பிறந்தாரின் பங்கையும் மறைத்து வைப்பதால் மற்றொருவரின் உயிரை நீங்கள் பணயம் வைக்கிறீர்கள். சட்டத்தரணிகளே, நொத்தாரிசுகளே, காணி பார்க்குமுன் உறுதி பார்க்கும் வழக்கத்தை உங்கள் அலுவலகங்களே தொடக்கிவைக்கலாம். இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் சட்டம், பதிவுக்குட்பட்ட கட்டுமானத் திட்டங்களை விற்கும் முகவர்கள் தாமும் பதிவுபெற்றிருக்க வேண்டுமெனக் கட்டளையிடுகிறது. பதிவு என்பது வாங்குவோருக்கு மாத்திரம் காவலன்று. பதிவுபெற்ற முகவருக்கு ஒரு பெயரும், ஓர் அட்டையும், அவருக்காகக் குரல்கொடுக்க ஒரு சங்கமும் உண்டாகும். புத்தளம் மாவட்டத்துத் தரகர்கள் சட்டத்தை எதிர்பார்த்துக் காத்திராது, ஊர்தோறும் ஒன்றுகூடித் தமக்கென ஒரு சங்கத்தையும் பொது ஒழுங்கையும் இன்றே அமைத்துக்கொள்ளலாம்.

மனிதனின் மனத்தை அளக்கும் சங்கிலி எந்த நில அளவையாளரிடமும் இல்லை. வருபவர் எப்படிப்பட்டவர் என்பது எமது கையில் இல்லாதிருக்கலாம். அவரை எங்கே, எப்போது, எவர் அறியச் சந்திக்கிறோம் என்பது எமது கையிலேயே உள்ளது. பிறருக்கு நிலம் தேடிக் கொடுப்பவர் மாலையில் தமது வீட்டுக்குத் திரும்பிவரும் உறுதியை அவருக்கு அளிப்பது, அவரால் நிலம் விற்றோரும் வாங்கியோரும் ஆகிய எம்மனைவரின் கடனாகும்.