பதுளு ஓயாவுக்கு நீண்டகாலப் பதிவு வேண்டும்

பதுளு ஓயாவிலும் தோட்டங்களின் குடிநீர் ஊற்றுகளிலும் கரைந்துள்ள சேதனக் காபனை ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் அளந்து பகிரங்கப்படுத்த வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. பதுளை நகரை வளைத்தோடி, துன்ஹிந்தையில் 64 மீற்றர் விழுந்து மகாவலியில் சேரும் இந்த ஓயா, தேயிலைச் சரிவின் மேல்மண்ணையும் மரக்கறித் தோட்டத்து எருவையும் லயத்துக் கழிப்பறைக் குழிகளின் கசிவையும் வழியெல்லாம் வாங்கிக்கொள்கிறது. ஆடி, ஆவணியில் கச்சான் வீசி மண் காய்ந்து கிடக்கும். ஐப்பசி மழை இறங்கியதும் அத்தனையும் நீருக்கு வரும். பீலி வாயில் கட்டிய துணியில் உக்கிய இலையும் மண்ணும் அப்பிக்கொள்ளும். கரைந்தது மட்டும் துணியைத் தாண்டிக் குடத்துக்குள் போய்விடும். நீர் தெளிந்தபின் ஒரு போத்தல் எடுத்துப் பரிசோதித்தால் மழை கொண்டுவந்தது அறிக்கையில் இருக்காது.

குளோரீன் போட்டால் போதுமே என்பார்கள். சேதனப் பொருள் கூடிய நீரில் குளோரீன் அதனோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகிறது. கிருமியைக் கொல்ல மிஞ்சுவது குறைவு. அந்த வினையில் குளோரபோம் போன்ற சேர்வைகள் உருவாவதை நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் ரூக் என்ற வேதியியலாளர் 1974 இல் வெளியிட்டார். இதற்காகக் குளோரீனைக் குறைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. வயிற்றோட்டம் உடனே கொல்லும் நோய். கிருமிநீக்கத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நீர் எடுக்கும் இடத்திலேயே சேதனப் பொருளைக் குறைப்பதுதான் வழி.

ஓரிரு ஆண்டு ஆய்வு போதாதா என்ற கேள்விக்குப் பிரித்தானியாவில் பதில் இருக்கிறது. அங்கே மலைநீர்களை 1988 முதல் தொடர்ந்து அளந்தார்கள். கரைந்த சேதனக் காபன் கூடிக்கொண்டே போனது. வெப்பம் ஏறியதே காரணம் என்று பலர் கருதினர். ஐரோப்பா, வட அமெரிக்காவின் நீண்ட பதிவுகளை ஒன்றாகப் பார்த்த 2007 ஆம் ஆண்டு ஆய்வுதான், அமில மழையின் கந்தகப் படிவு குறைந்ததே முக்கிய காரணம் என்று காட்டியது. அந்த முடிவை ஊவாவுக்குக் கடன் வாங்க முடியாது: எங்கள் சரிவு வேறு, மழை வேறு, நிலத்தைப் பயன்படுத்தும் விதமும் வேறு. 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட உமா ஓயாத் திட்டம் ஓர் ஆற்றின் நீரையே கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பியிருக்கிறது. இப்படிப்பட்ட மாற்றங்களின் விளைவைப் பிறகு சொல்ல முன்னைய அளவுகள் கையில் இருக்க வேண்டும்.

கழிப்பறையும் குழாயும் இல்லாத லயத்தில் அளவீடு எதற்கு என்ற ஆட்சேபம் நியாயமானது. கழிப்பறை முதலில் கட்டப்பட வேண்டும். அதை எந்தப் பதிவுக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் எந்த ஊற்றின் மேல்புறத்தில் குழி கசிகிறது, எந்தச் சரிவில் மண் கரைகிறது என்று தெரியாமல் எந்த ஊற்றை முதலில் காப்பது? மண் பாதுகாப்புச் சட்டம் 1951 முதல் இருக்கிறது. அதைக் காட்டி ஒரு சரிவுக்கு வேலிப்புல்லும் கான்களும் கேட்க, அந்தச் சரிவின் கீழிருந்து எடுத்த அளவு தோட்டத்தாரிடம் இருக்க வேண்டும். ஆகவே தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் தோட்டத்துக்கு மேலும் கீழும், நகருக்கு மேலும் கீழும் மாதந்தோறும் மாதிரி எடுக்க வேண்டும். ஐப்பசி முதல்மழை நாளில் கட்டாயம் எடுக்க வேண்டும். முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, அந்த ஊற்றில் குடிக்கும் லயத்தில் ஒட்ட வேண்டும்.