மௌனம் சம்மதமல்ல

'மௌனம் சம்மதம்' என்று சொல்லியே நம் ஊரில் எத்தனையோ காரியங்கள் நடந்துவிட்டன. கல்யாணப் பெண்ணின் மௌனம் சம்மதம். ஊர்க்கூட்டத்தில் எட்ட நிறுத்தப்பட்டவனின் மௌனம் சம்மதம். 1996-இல் அமெரிக்க அரசு இன்னொரு மௌனத்தையும் சேர்த்துக்கொண்டது: அடிபட்டு நினைவிழந்து கிடப்பவனின் மௌனம். உயிர்போகும் அவசரத்தில், கேட்க வழியில்லையென்றால், கேட்காமலே அவனை மருத்துவ ஆராய்ச்சியில் சேர்க்கலாமாம். அதற்குச் சில நிபந்தனைகள். அந்த வட்டார மக்களை முன்கூட்டியே கலந்துபேச வேண்டும் என்பது அதிலொன்று.

நடந்தது என்ன? 2003 முதல் 2006 வரை பாலிஹீம் என்கிற ரத்த மாற்றுப் பொருளை, படுகாயமடைந்த 700-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஆம்புலன்சில் ரத்தம் இருக்காது. மாற்றுப் பொருளைக் கொடுத்துப் பார்க்கலாம், சரி. ஆஸ்பத்திரிக்கு வந்து, நிஜ ரத்தம் கையெட்டும் தூரத்தில் இருந்தபோதும் 12 மணி நேரம் வரை அதையே ஏற்றலாம் என்று திட்டம் போட்டார்களே, அது எந்த ஊர் நியாயம்? வேண்டாம் என்பவன் கையில் ஒரு வளையத்தை மாட்டிக்கொண்டு திரிய வேண்டுமாம். சேதியே தெரியாதவன் வளையத்துக்கு எங்கய்யா போவான்?

30 நாளில் செத்தவர்கள்: பாலிஹீம் தரப்பில் 13.4 சதம், வழக்கமான சிகிச்சையில் 9.6 சதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். இருக்கட்டும். கேட்காமல் சேர்த்தது தற்செயல் அல்ல. 2009-இல் அந்தப் பொருளுக்கு அரசு அனுமதி மறுத்தது.

இந்த வகை ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. சேர்க்கப்பட்டவர்களில் கறுப்பர்கள் சுமார் 29 சதம். நாட்டின் மக்கள்தொகையில் அவர்கள் அதில் பாதியளவுதான். கறுப்பர்களின் மேகநோயைக் குணப்படுத்தாமல் 40 வருஷம் வேடிக்கை பார்த்த டஸ்கீகி ஆய்வு அம்பலமானது 1972-இல். கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை ஏந்தி பம்பாயில் தலித் பேந்தர் எழுந்ததும் அதே வருஷம்தான். அவர்கள் உடம்பின் கதை நமக்கு அந்நியமல்ல.

வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் நான். கைநாட்டைத் தினமும் பார்க்கிறேன். படிச்சுக் காட்டாத தாளில் விழுகிற பெருவிரல் ரேகை கோப்பை நிரப்பும்; சம்மதம் ஆகாது. இங்கே ரேகைகூட இல்லை.

அதற்காக 'ஆராய்ச்சியே வேண்டாம், எங்க உடம்பைத் தொடாதே' என்று கிளம்பும் தோழர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. கடுங்காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வரும் குழந்தைக்கு நரம்புவழி வேகமாகத் திரவம் ஏற்று என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3141 குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். வேகமாக ஏற்றியவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10 சதத்துக்கு மேல். ஏற்றாதவர்களில் 7.3 சதம். உயிர்காக்கும் என்று நம்பியது உயிரை எடுத்திருக்கிறது. ஏழைக் குழந்தையின் உடம்பை ஆராயத் தகுந்ததாக யாரும் நினைக்காததும் ஒரு தீண்டாமைதான். அங்கேயும் அவசரம்தான்; ஆனாலும் பெற்றவர்களிடம் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, பிறகு விளக்கி முழு ஒப்புதல் வாங்க வழி வைத்திருந்தார்கள். மனசிருந்தால் கேட்கலாம்.

ஆகவே நம் கோரிக்கை ஆராய்ச்சியை நிறுத்து என்பதல்ல. ஆய்வு தொடங்குமுன் சேரிக்கு வந்து பேசு. பலன் தெரிந்த சிகிச்சை பக்கத்தில் இருக்கும்போது அதைத் தடுக்காதே. முடிவை, செத்தவர் கணக்கோடு, எங்களிடம் வந்து சொல். நெறிமுறைக் குழுவில் ஒரு சாமானியர் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மருத்துவக் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் கல்லூரியில் அந்தச் சாமானியர் யார்? எந்தத் தெருக்காரர்? கேட்டு எழுதுங்கள்.

மயங்கி விழுந்தபிறகு எங்கள் மௌனத்துக்கு உரை எழுத வேண்டாம். இப்போது நினைவோடுதான் நிற்கிறோம். வாயும் இருக்கிறது. இப்போதே கேள்.