பாஸைப் பெடலுக்குப் பலி கொடுக்காதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பாஸ் கிட்டாருக்கு எதுக்குப்பா எஃபெக்ட்ஸ்?" என்று கேட்கிறவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. ஏழு பெடல்களை வரிசையாக மாட்டிவிட்டு "செம டோன் மச்சி" என்று சிலிர்க்கிறவர்களோடும் இருக்கிறது. இரண்டு தரப்புக்கும் தவறு ஒன்றுதான். ஒரு சத்தத்துக்கு ஒரே ஒரு பாதைதான் உண்டு என்று இருவருமே நம்புகிறார்கள்.

நானும் நம்பியவன்தான். காரைக்குடியில் எஞ்சினியரிங் படித்த காலத்தில், பக்கத்துக் கிராமத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒரு மெல்லிசைக் குழுவோடு பாஸ் வாசிக்கப் போனேன். காசு சேர்த்து வாங்கிய ஃபஸ் பெடல் காலடியில் இருந்தது. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி இருக்கும் ஊரில், ஒரு நல்ல 9 வோல்ட் பேட்டரிக்காக நாலு கடை ஏறி இறங்கியது தனிக்கதை. மூன்றாவது பாட்டில் பெடலை மிதித்தேன். மேடையில் என் காதுக்கு அது சிங்கம். கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொசு. மைக்செட் அண்ணன் ஓடி வந்தார். "தம்பி, ஒயர் புடுங்கிக்கிச்சா? அடிச்சத்தமே வரலையே!" ஒயர் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் பாட்டின் தரையைப் பெயர்த்துவிட்டிருந்தேன். பாடிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது.

என்ன நடந்தது? நாலு கம்பி பாஸின் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. சாதாரணக் கிட்டாரின் தடித்த கம்பிக்கு 82. கடையில் கிடைக்கும் பெரும்பாலான பெடல்கள் கிட்டாரை மனதில் வைத்துச் செய்தவை. புகழ்பெற்ற டியூப் ஸ்க்ரீமரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சர்க்யூட் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகப் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே வரும். கிட்டாருக்கு அது வரம், சத்தம் சேறாகாது. பாஸுக்கோ அடிமடியிலேயே கை. அடிச்சத்தத்தை வெட்டாத பெடலிலும் தொல்லை தீராது. டிஸ்டார்ஷன் என்பது அலையின் உச்சியைச் சீவித் தட்டையாக்குவது. சீவச் சீவப் பலமான அடிக்கும் மெல்லிய அடிக்கும் வித்தியாசம் போய்விடும். விரல் கம்பியைத் தொட்ட அந்த முதல் 'தும்' செத்துவிடும்.

தீர்வு எளிது. சிக்னலை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று எந்தப் பெடலுக்கும் போகாமல் சுத்தமாக, அடிச்சத்தத்தைச் சுமந்து போகட்டும். இன்னொன்றில் அடிப்பகுதியை வடிகட்டிவிட்டு, மீதியை ஃபஸ்ஸுக்கோ கோரஸுக்கோ கொடுத்து எப்படி வேண்டுமானாலும் கிழியுங்கள். கடைசியில் மிக்சரில் இரண்டையும் சேருங்கள். இது புதுசே இல்லை. 'யெஸ்' குழுவின் கிறிஸ் ஸ்குவையர் தன் ரிக்கன்பேக்கரின் இரண்டு பிக்கப்புகளையும் தனித்தனியாக வெளியே எடுத்து வாசித்தவர். 'ராயல் பிளட்' குழுவில் இருப்பது இரண்டே பேர். மைக் கெர் ஒரே பாஸை பாஸ் ஆம்ப்புக்கும் கிட்டார் ஆம்ப்புக்கும் பிரித்து அனுப்பி, கிட்டாரிஸ்ட் இல்லாத குறையே தெரியாமல் செய்கிறார்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை, நம்ம மரபு சுத்தமான நாதம்" என்று ஒருவர் வருவார். அவருக்கு என் பதில் காரைக்குடியிலேயே இருக்கிறது. இந்த ஊர்ப் பேரைச் சொன்னால் இப்போது எல்லோருக்கும் கோழிக் குழம்புதான் ஞாபகம் வருகிறது. சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் என்ற காரைக்குடி சகோதரர்களின் வீணையால் அறியப்பட்ட ஊரும் இதுதான். சாம்பசிவ ஐயர் 1952இல் சங்கீத கலாநிதி. அந்த வீணையைக் கொஞ்சம் பாருங்கள். ஏழு கம்பி. நான்கு மெட்டுகளின் மேலே போகின்றன, மூன்று பக்கவாட்டில். மேலே உள்ள கம்பியை இழுத்து, வளைத்து, கமகத்தால் சுரத்தை உருமாற்றுகிறோம். பக்கத்துத் தாளக் கம்பிகள் மூன்றும் வளையாமல் நிற்கின்றன. ஒரு பாதையில் உருமாற்றம், இன்னொரு பாதையில் ஆதாரம், இரண்டும் ஒரே குடத்தில் கலக்கின்றன. மிருதங்கம்? வலந்தலை பேசும்போது, ரவை பூசிய தொப்பி தனியாகக் கும்காரம் போடுகிறது. பிரித்துச் சேர்ப்பது நமக்கு அந்நியமே இல்லை. பிளக் பாயின்ட் மட்டும்தான் புதிது.

இப்போது பெடல் பக்தர்களுக்கு. பிரித்தால் மட்டும் போதாது. சேர்ப்பதில்தான் மோசம் போகிறீர்கள். சில பெடல்கள் அலையைத் தலைகீழாக்கி வெளியே விடும். சுத்தமான அலை மேலே ஏறும்போது இது கீழே இறங்கும். இரண்டையும் கூட்டினால் கழித்தல்தான் வரும். டிஜிட்டல் பெடல் ஒரு பாதையை 2 மில்லிசெகண்ட் தாமதித்தால், சம அளவில் கலக்கும்போது 250 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு பள்ளம் விழும். வடிகட்டிகளும் தம் பங்குக்கு அலையைத் தள்ளிவிடும். பிரிப்பதற்கு ஒரு ஒய் கேபிள் ஓரளவு ஒப்பேற்றும். சேர்ப்பதற்கு அதையே போட்டால் இரண்டு பெடல்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கிடக்கும். பஃபர் உள்ள மிக்சர் வேண்டும். சோதிக்கப் பட்டப்படிப்பு தேவையில்லை. தடித்த கம்பியை அடியுங்கள், இரண்டு பாதையையும் திறங்கள், ஒன்றின் திசையை மாற்றும் சுவிட்சைத் தட்டுங்கள். எந்தப் பக்கம் அடிச்சத்தம் கனக்கிறதோ அதுவே சரி. இந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்யாமல் மேடையேறுவதற்குப் பெயர் பரிசோதனை முயற்சி இல்லை, சோம்பல்.

எல்லாப் பாட்டுக்கும் இது வேண்டும் என்று சொல்லவில்லை. தனி ஆவர்த்தனத்தில் மொத்தத்தையும் ஃபஸ்ஸில் முக்கி எடுக்கலாம், அப்போது யாரும் உங்கள்மேல் நின்று பாடவில்லை. பாஸ் வேண்டாம் என்று முடிவெடுத்த ஒரு பாட்டில் அதை எடுப்பதும் ஒரு முடிவுதான். நான் கேட்பது முடிவெடுக்காமலே தொலைத்தவர்களைப் பற்றி.

இதில் ஒரு வயிற்றுப்பாட்டு விஷயமும் இருக்கிறது. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் மெல்லிசைக் குழுக்களில் முதலில் கண்ணில் படுகிறவன் பாஸ் வாசிப்பவன். "கீபோர்டு இடது கையில சமாளிச்சுக்கலாம்ணே" என்பார்கள். பெடலை மிதித்ததும் நாமே காணாமல் போனால், அந்த வாதத்துக்கு நாமே சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோம். மைதானத்தின் கடைசியில் மண்ணில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்கு என் பெடலின் பேர் தெரிய வேண்டியதில்லை. பாட்டு தரையில் நிற்கிறதா என்பது அவருக்குத் தெரியும்.

மறு வருஷம் அதே திருவிழாவுக்கு ஒரு சின்ன மிக்சரையும் இரண்டு ஒயர்களையும் எடுத்துக்கொண்டு போனேன். அதே மூன்றாவது பாட்டு, அதே ஃபஸ். மிதித்துவிட்டு மைக்செட் அண்ணனைப் பார்த்தேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவே இல்லை.