குடிலில் ஓர் ஓலைப் படகு

கிறிஸ்து பிறப்பு விழா வந்துவிட்டால் நம் ஆலயங்கள் புதுப்பொலிவு பெறுகின்றன. சீரியல் விளக்குகள் மின்னுகின்றன. கடையில் வாங்கிய சுரூபங்கள் குடிலில் அமர்கின்றன. முன்பே பதிந்து வைத்த இசை ஒலிக்க, பாடற்குழு கூடவே பாடிவிடுகிறது. எல்லாம் அழகுதான். ஆனால் இவற்றுள் நம் கை செய்தது எது? இதைக் கேட்கவே எழுதத் துணிந்தோம்.

பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களிலிருந்து வரும் தோழியர் எங்கள் வகுப்பில் பலர் உண்டு. சென்ற ஆண்டு அவர்களுள் ஒருத்தி, தன் ஊர்க் குடிலுக்கெனப் பனையோலையில் சிறு படகு ஒன்று முடைந்தாள். தந்தையின் கிழிந்த வலைத் துண்டைத் துவைத்துக் காயவைத்து அதன்மேல் விரித்தாள். குடில் அமைத்த பெரியவர் ஒருவர், "பெத்லகேமில் ஏதம்மா படகு? மீன் வலையெல்லாம் கோயிலுக்குள் வேண்டாம்" என்று அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆயினும் அந்தக் குடிலின் கூரையில் தெர்மோகோல் பனி கொட்டிக் கிடந்தது! பழவேற்காட்டில் பனிமழை பெய்ததை யார் கண்டார்?

பெத்லகேமில் படகு இல்லை என்பது மெய்தான். ஆனால் பேதுருவும் அந்திரேயாவும், யாக்கோபும் யோவானும் கலிலேயா ஏரியில் வலை வீசியவர்கள் அல்லரோ? இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், புனித சூசையப்பரைத் தலைவராக வைத்து 1726-இல் தேம்பாவணி பாடினார். 3615 பாடல்கள் கொண்ட அக்காவியத்தில் யூதேயா நாடு தமிழ்நாட்டு வயலும் சோலையுமாகவே காட்சி தருகிறது. கோணான்குப்பத்தில் அவர் நிறுவிய பெரியநாயகி மாதா சேலை உடுத்திய தாய். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரோ நம் சபையினர் அல்லர். ஆனால் 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றிக் குறத்தியையே பெத்லகேமுக்கு அழைத்துப் போனார்! குறத்தி போகலாமென்றால் படகு போகலாகாதா?

2-ஆம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரச் சொல்கிறது. எல்லா இனத்தார் கலைக்கும் ஆலயத்தில் இடமுண்டு என்கிறது. திருச்சியில் 1977-இல் தொடங்கிய கலைக்காவிரி, நற்செய்தியைப் பரதத்தில் ஆடிக் காட்டியது. ஏரிக்கரைக்கு மட்டும் அச்செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும். இத்தனைக்கும் இங்குள்ள மகிமை மாதா ஆலயம் போர்த்துகீசியர் காலத்தில், 1515-இல் தோன்றியதாகச் சொல்லப்படுவது.

கரையில் கலைக்குப் பஞ்சமில்லை. இஸ்லாமியச் சகோதரிகள் பனங்குருத்தைக் கீறிச் சாயமேற்றி முடையும் பெட்டிகளைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். எங்கள் தோழியும் பாய் வீட்டு அத்தையிடம்தான் ஓலை முடையக் கற்றாள். வலையின் கண்களை ஒரே அளவாகப் பின்னுவதற்கு எத்தனை பொறுமை வேண்டும்! ஆனால் அங்கே டச்சுக்காரர் 17-ஆம் நூற்றாண்டில் விட்டுச் சென்ற கல்லறைச் சிற்பங்களைக் காணவே வெளியூரார் வருகின்றனர். கல்லில் செதுக்கினால் கலை, ஓலையில் முடைந்தால் பிழைப்பு என்று நாமும் எண்ணிவிட்டோம். படகைப் புகழ்ந்தபோது தோழி சொன்னது இதுதான்: "இது எங்க ஊர்ல எல்லாரும் செய்யுற வேலைதானே!" பெரியவர் சொன்னதைவிட இதுவே எங்களை அதிகம் வருத்தியது.

படிப்பு கெடும் எனப் பெற்றோர் அஞ்சுவது நியாயமே. நாளுக்கு அரைமணி நேரம் போதும் எங்களுக்கு.

அருட்சகோதரிகளிடம் எங்கள் வேண்டுகோள்: வரும் டிசம்பரில் பள்ளிக் குடிலை எங்கள் பொறுப்பில் விடுங்கள். கடைப் பொருள் எதுவும் வேண்டாம். இரண்டு சனிக்கிழமைகள் பாய் வீட்டு அத்தையை அழைத்து எங்களுக்குக் கற்றுத்தரச் செய்யுங்கள். அனுமதி மட்டும் அக்டோபர் தொடக்கத்திலேயே வேண்டும். குருத்தோலை வெயிலில் நன்றாகக் காய்ந்தால்தான் சாயம் பிடிக்கும். வடகிழக்கு மழை தொடங்கிவிட்டால் வெயிலுக்கு எங்கே போவோம்?