துப்பாக்கி ஓய்ந்தது, கம்பி வந்தது

ஜெய்சல்மேர் பக்கம் வேலை பார்த்தபோது ஒரே ஒரு முறை கானமயிலைக் கண்டேன். ட்ராலியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

1972ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வேட்டையைத் தடை செய்தது. நல்லதுதான். ஆனாலும் இன்று நாடு முழுவதும் மிகச் சில பறவைகளே எஞ்சியிருக்கின்றன! கனத்த உடம்பு, நேர் எதிரே இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது, மின்கம்பியில் மோதி விழுகிறது. பெரும்பாலும் ஒரே முட்டையிடும் இனம் எப்படித் தாங்கும்?

கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோக 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது, 2024இல் தளர்த்தியது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பறவை வாழும் இடங்களிலாவது தாமதமின்றிப் புதைக்கட்டுமே! சிக்னல் கேபிள் புதைத்தே சர்வீஸை முடித்தவன் நான். அது வேறு வோல்டேஜ், ஒப்புக்கொள்கிறேன். இதற்குச் செலவு அதிகம்தான். செய்ய முடியாத வேலையல்ல.